கடைசியாகக் கண்டவர்

மோர்னிங்சைட்,
3 ஆகஸ்ட் 2025

அகஸ்ரின் அண்ணாவுக்கு,

விட்பிக்கும் மோர்னிங்சைட்டுக்கும் நடுவே அரை மணித்தியாலக் கார் ஓட்டம். இதற்குள் ஒரு கடிதமா என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. போனில் கேட்கத் தொடங்கினால் நான் அழுதுவிடுவேன். நீங்களும் "சரி, சரி, பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதுதான் எழுதுகிறேன்.

ஞாயிறு பூசை முடிய மெலனி அண்ணி எல்லாம் சொன்னார். இருபதாவது கலியாண நாளுக்குக் கென்யா! காட்டுக்கு நடுவில் உங்கள் நாலு பேருக்கென்று தனி வீடு, தனிச் சமையல்காரர், தனி வாகனம், பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்ட ஓர் ஆள். நீந்துகிற குளத்துக்கு அந்தப் பக்கம் யானை வந்து தண்ணீர் குடிக்குமாம். ஜூலி இப்போதே நாட்களை எண்ணுகிறாளாம், மாக்கஸ் சிங்கத்தைப் பற்றி எனக்கே வகுப்பு எடுத்தான். "உங்கட அண்ணருக்குத்தான் முகம் கறுத்துக் கிடக்குது. ஆபிரிக்கா எண்டால் தென்னாபிரிக்காவுக்குப் போவம் எண்டு ஒரே பிடிவாதம். நான் விடேல்ல. திரும்பி வரேக்க நைரோபியில ஒரு முழு நாள் இருக்கு. தாசன்ரை கல்லறைக்குப் போகவேணும் எண்டுதான் கென்யாவைப் பிடிச்சனான்" என்றார் அண்ணி.

அதைக் கேட்ட பிறகு கோவில் வாசலில் என்னால் நிற்க முடியவில்லை. காருக்குள் போய் இருந்துவிட்டேன்.

அண்ணா, உங்களோடு வெளிக்கிட்ட என் கூடப்பிறந்த அண்ணன் தாசனை நீங்கள் அங்கே வைத்துவிட்டு வந்து இருபத்தேழு வருடம். அம்மாவும் நானும் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் சொன்னது முழுவதும் எனக்கு மனப்பாடம். கனடாவுக்கு ஏற்றிவிடுகிறேன் என்று காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் உங்கள் ஏழு பேரையும் அடைத்து வைத்த இரண்டு அறை வீடு. இன்றைக்குப் பிளேன், நாளைக்குப் பிளேன் என்று சொல்லியே எட்டு மாதம். தாசனுக்கு மலேரியாக் காய்ச்சல். நீங்கள் அவன் தலையை மடியில் தூக்கி வைத்துத் தண்ணீர் பருக்கினீர்கள். மார்ச் 19, சூசையப்பர் திருநாளில் அவன் கண்ணை மூடினான். சூசைதாசன் என்று பெயர் வைத்த பிள்ளையைச் சூசையப்பரே வந்து கூட்டிக்கொண்டு போனார் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. ஒரு வெள்ளைக்காரச் சுவாமி வந்து செபம் சொன்னார். மதிலோரம், ஊதாப் பூ மரத்துக்குக் கீழே அடக்கம்.

மூன்று காரியம் கேட்கிறேன். ஒன்று, ஒரு படம். இரண்டு, இதோடு வைத்திருக்கும் அம்மாவின் செபமாலையை அங்கே வைத்துவிட வேண்டும். மூன்று, கொஞ்ச மண். வெளிநாட்டு மண் கனடாவுக்குள் கொண்டுவரக் கூடாது என்று கிறிஸ்துநாயகம் சொல்கிறார். என் மனுசனுக்கு எல்லாச் சட்டமும் தெரியும். ஒரு தேக்கரண்டி போதும் அண்ணா, அண்ணியின் பவுடர் டப்பாவுக்குள் போட்டு வாருங்கள்.

அம்மாவின் கல்லறைக் கல்லில் தாசனின் பெயரையும் வெட்டப்போகிறோம். அடியில் அந்த மண்ணை வைப்பேன்.

உங்கள் தங்கச்சி,
மலர்


விட்பி,
7 ஆகஸ்ட் 2025

மலருக்கு,

கடிதம் கிடைத்தது. செபமாலையும் கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வேலை தலைக்கு மேல். வெயில் காலத்தில் எங்கள் கொம்பனிக்கு ஏசி திருத்தச் சொல்லி வருகிற அழைப்பு நிற்காது. சுருக்கமாகச் சொல்கிறேன். இருபத்தேழு வருடத்தில் ஒரு நகரம் எவ்வளவு மாறும் என்று உனக்குத் தெரியும். கனடாவுக்கு நான் வந்து இறங்கிய பார்க்டேல் வீட்டையே இன்றைக்கு என்னால் அடையாளம் காட்ட முடியாது. அங்கே மதிலும் மரமும் இருக்குமோ இல்லையோ. நான் அப்போது எந்த வீதியில் இருந்தேன் என்பதுகூடச் சரியாகத் தெரியாது, எங்களை வெளியே விட்டால்தானே.

மெலனிக்கும் இதைத்தான் சொன்னேன். நீயும் பெரிதாக எதிர்பார்க்காதே. கல் வெட்டுகிற அலுவலை நான் வந்த பிறகு பார்க்கலாம்.

மலேரியாக் குளிசை இன்று தொடங்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆளுக்கு ஒன்று, காலைச் சாப்பாட்டோடு. மாக்கஸ் விழுங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். நானும் அப்படியே கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

அண்ணன்,
அகஸ்ரின்


மோர்னிங்சைட்,
10 ஆகஸ்ட் 2025

அகஸ்ரின் அண்ணாவுக்கு,

"பார்க்கலாம்" என்று எழுதாதீர்கள். உங்கள் "பார்க்கலாம்" எனக்குத் தெரியும். என் வீட்டு பேஸ்மென்ற் குளியலறை நாலு வருடமாக உங்கள் "பார்க்கலாம்"தான்.

உங்களுக்கு அங்கே திரும்பப் போவது கஷ்டம் என்று எனக்கு விளங்காமல் இல்லை. அவனை மடியில் வைத்திருந்தவர் நீங்கள். எனக்கு மிஞ்சியது ஒரு படமும் ஒரு பெயரும்தான். ஆனாலும் கேட்கிறேன், ஏனென்றால் வேறு யாரிடம் கேட்பேன்? 2002இல் விமான நிலையத்துக்கு என்னைக் கூட்டிப்போக வந்தவர் நீங்கள். கோவிலில் என் கையைப் பிடித்துக் கிறிஸ்துநாயகத்திடம் கொடுத்தவர் நீங்கள். தாசன் நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் நீங்கள் நின்றீர்கள்.

ஒன்று சொல்கிறேன். 2018இல் ஊருக்குப் போனபோது, காணாமற்போன பிள்ளைகளின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு வீதியோரக் கொட்டகையில் இருக்கிற தாய்மாரைப் பார்த்தேன். ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "செத்திட்டான் எண்டாவது ஆரும் வந்து சொன்னால் நான் எழும்பி வீட்டை போயிடுவன் பிள்ளை" என்றா. அப்போது நினைத்தேன்: எங்களுக்கு அகஸ்ரின் அண்ணா இருந்தார், எங்களுக்குச் சொன்னார், அம்மா எழும்பி வீட்டுக்குப் போனா. அதற்கு நான் உங்களுக்கு ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை.

கல்லுக்கு ஓடர் கொடுத்துவிட்டேன். "19 மார்ச் 1998" என்று வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

போய் வாருங்கள். குளிசையை விழுங்குங்கள்.

மலர்


கென்யா, லொட்ஜ்,
17 ஆகஸ்ட் 2025

மலருக்கு,

இங்கே அலுவலகக் கொட்டிலில் மட்டும்தான் வைஃபை. கையால் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்புகிறேன்.

வந்து சேர்ந்துவிட்டோம். விமான நிலையத்துப் படிவத்தில், முன்பு கென்யாவுக்கு வந்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. மெலனி பக்கத்தில் நின்றாள். இல்லை என்று போட்டேன். பொய் என்றும் சொல்ல முடியாது. அன்றைக்கு வந்தது வேறு பெயர், வேறு பாஸ்போட்.

இந்த இடத்தைப் பற்றி உனக்கு எப்படிச் சொல்வது? குடும்பங்களுக்கென்றே கட்டியிருக்கிறார்கள். விடிய ஒரு பெண் தட்டில் கொக்கோவும் பிஸ்கற்றும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறாள். சாமுவேல் என்ற வழிகாட்டி எங்களை வாகனத்தில் ஏற்றி, மடியில் போர்வை போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். நேற்று மாக்கஸுக்குச் சிங்கத்தின் காலடியில் சுண்ணாம்புச் சாந்து ஊற்றி அச்சு எடுத்துக் கொடுத்தார். அவன் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறான். சமையல்காரர் ஜூலிக்குப் பாஸ்ரா செய்கிறார். மெலனி கொண்டுவந்த மிளகாய்த்தூளைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. எல்லா உடுப்பும் தோய்த்து மடித்து வருகிறது. எங்களைத் தவிர எல்லாரும் வேலை செய்கிறார்கள், நாங்கள் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

கட்டிலுக்கு மேலே நுளம்பு வலை. கலியாணப் பொம்பிளையின் முக்காடு மாதிரி வெள்ளையாக, நிலம்வரை. பொழுதுபட முன்னம் ஓர் ஆள் வந்து நாலு பக்கமும் மெத்தைக்குக் கீழே செருகிவிட்டுப் போகிறார். ஒரு ஓட்டைகூட இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

மெலனி கேட்டாள், "என்னப்பா, வலைக்குள்ள என்னத்தைத் தேடுறியள்?" என்று.

அந்த வீட்டில் ஏழு பேருக்கும் வலை இருக்கவில்லை மலர். இதை நான் உனக்குச் சொல்லியிருக்கிறேனோ தெரியாது.

23ஆம் தேதி நைரோபிக்குப் போகிறோம். செபமாலை என் சேட்டுப் பையில்தான் இருக்கிறது.

அகஸ்ரின்


மோர்னிங்சைட்,
18 ஆகஸ்ட் 2025

அண்ணா,

உங்கள் கையெழுத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்தேன். நல்லவேளை ஏசியும் வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸும் பூட்டப் போனீர்கள், எழுத்து வேலைக்குப் போயிருந்தால் பட்டினிதான்.

வலை இல்லாததை நீங்கள் சொன்னதில்லை. சொல்லாமல் இன்னும் எவ்வளவு வைத்திருக்கிறீர்களோ. வந்ததும் ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள், கணவாய்க் கறி வைக்கிறேன். இந்த முறை இருந்து முழுக்கச் சொல்லுங்கள். இத்தனை வருடம் நல்லதை மட்டும் சொல்லிவிட்டீர்கள்.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், என் அண்ணன் என் அண்ணனைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று. அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்குது, அது போதும்.

23ஆம் தேதி நான் லீவு போட்டிருக்கிறேன். படம் வரும்வரை போனைக் கையில் வைத்திருப்பேன்.

மலர்


லொட்ஜ்,
20 ஆகஸ்ட் 2025

மலருக்கு,

நைரோபியிலிருந்து உனக்கு ஒரு படமும் வராது. காரணத்தை இதில் எழுதுகிறேன். முழுக்க வாசி. வாசித்து முடித்தபிறகு நீ என்ன செய்தாலும் சரி.

இன்று காலை மாக்கஸின் பிஸ்கற் பேணியில் இந்த வீட்டு வாசலிலிருந்து மண் அள்ளி மூடினேன். அதை உன்னிடம் தருவதாக இருந்தேன். நீ அதை அம்மாவின் கல்லுக்குக் கீழே வைத்திருப்பாய். பிறகு பேணியைத் திறந்தேன். வெளியே கொட்டிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

தாசனுக்குக் கல்லறை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவன் சாகும்போது நான் பக்கத்தில் இல்லை.

நடந்தது இது. தாசன் ஆறு நாளாகக் காய்ச்சலில் கிடந்தான். டொக்டரிடம் கொண்டு போனால் எல்லாரும் பிடிபடுவோம் என்று ஏஜென்சிக்காரன் மறுத்துவிட்டான். மற்ற ஐந்து பேரையும் வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டான். தாசனும் நானும்தான் மிச்சம். ஆறாம் நாள் பின்னேரம் ஏஜென்சிக்காரன் ஒரு பாஸ்போட்டும் ரிக்கற்றும் கொண்டு வந்தான். அது தாசனின் முறை மலர். அதில் இருந்த வேறு ஆளின் படம் தாசனின் முகத்துக்குப் பொருத்தமாகப் பார்த்து எடுத்தது. தாசனால் எழும்பி நிற்க முடியவில்லை. ஏஜென்சிக்காரன் என்னைப் பார்த்தான். அந்தக் காலம் எங்கள் எல்லாருக்கும் ஒரே முகம்தான், எலும்பும் மீசையும். "நீ போறியோ, இல்லாட்டி இதைக் கிழிக்கட்டோ?" என்றான்.

"நீ போடா" என்று தாசன் சொன்னதாக உனக்கு எழுத எனக்கு ஆசை. அவன் அப்படிச் சொல்லவில்லை. நான் சேட்டு மாற்றுவதைக் கண்டுவிட்டு, "எங்கயடா போறாய்?" என்று கேட்டான்.

"தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்றேன்.

"கெதியா வா" என்றான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் அவனோடு வேறு ஒருவரும் இல்லை. ஏஜென்சிக்காரன் கதவை வெளியே பூட்டினான்.

பார்க்டேலுக்கு வந்து மூன்று கிழமைக்குப் பிறகுதான் ஏஜென்சிக்காரன் போனில் அகப்பட்டான். "அந்த ஆள் முடிஞ்சுது. இனி அந்தக் கதை வேண்டாம்" என்று வைத்துவிட்டான். எந்த நாள், எந்த இடம், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு உன் அம்மா ஊரிலிருந்து கடைப் போனில் எடுத்தா, தாசன் செத்துவிட்டான் என்று சொன்னேன். "மகனே, என்ர பிள்ளை தனியவோ போனவன்?" என்று கேட்டா. அந்தக் கேள்விக்கு என்னால் ஓம் என்று சொல்ல முடியவில்லை. "இல்லை அம்மா, என்ர மடியிலதான்" என்றேன். எந்த நாள் என்று கேட்டா. அறைச் சுவரில் கோவில் கலண்டர் தொங்கியது. சூசையப்பர் திருநாள் சிவப்பில் இருந்தது. அதைச் சொன்னேன்.

சுவாமியார், மதில், ஊதாப் பூ மரம் எல்லாம் நீங்கள் கேட்கக் கேட்க வந்தவை. ஒவ்வொரு வருடமும் நீ இன்னும் கொஞ்சம் கேட்டாய், நான் இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். அந்த மரம் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் காருக்குள் இருந்து கண்டது.

உன்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டதும், கலியாணம் செய்து வைத்ததும் உன் மேல் உள்ள பாசத்தால்தான். அதை மட்டும் நம்பு. மற்றதை நம்பு என்று கேட்க எனக்கு வாயில்லை.

இன்று காலை சாமுவேல் எங்களை யானைக் கூட்டத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு குட்டிக்குக் காலில் ஏதோ காயம். அது நடக்கும்வரை கூட்டம் முழுவதும் நின்றது, ஒரு மணித்தியாலத்துக்கு மேல். மெலனியும் பிள்ளைகளும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். நான் எனக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லி வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

மெலனிக்கு இன்று பின்னேரம் சொல்லப் போகிறேன்.

அகஸ்ரின்


மோர்னிங்சைட்,
21 ஆகஸ்ட் 2025

பத்துத் தரத்துக்கு மேல் போன் எடுத்திருக்கிறீர்கள். எடுக்க வேண்டாம். நான் தூக்க மாட்டேன்.

ஒன்றுதான் கேட்கிறேன். அதற்குப் பதில் எழுதுங்கள்.

நீங்கள் வெளிக்கிடும்போது அவன் உயிரோடு இருந்தான். கதைத்தான். கெதியா வா என்று சொன்னான். அதற்குப் பிறகு அவனைக் கண்ட ஒருவரையும் உங்களுக்குத் தெரியாது. செத்தான் என்று சொன்னவன் ஏஜென்சிக்காரன். எட்டு மாதம் நாளைக்குப் பிளேன் என்று உங்களுக்குச் சொன்ன அதே ஆள். அவன் வாயிலிருந்து அந்த ஒரு வசனம் மட்டும் உண்மையாக வந்தது என்று எதை வைத்து நம்பினீர்கள்?

அவனுக்குக் காய்ச்சல் மாறியிருந்தால்? கதவை யாரும் உடைத்திருந்தால்? பக்கத்து வீட்டார் கொண்டு போயிருந்தால்? பொலிஸ் பிடித்து மறியலுக்குள் அடைத்திருந்தால்? ஒரு நாளாவது நீங்கள் இதை யோசித்ததுண்டா? அந்த வருடமே உண்மையைச் சொல்லியிருந்தால், காணியையும் நகையையும் விற்றாவது அம்மா ஒரு ஆளை அனுப்பித் தேடியிருப்பா. தேட வேண்டிய வருடங்களில் நாங்கள் பூசை ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

கொட்டகையில் இருந்த அந்த அம்மாவைப் பற்றி உங்களுக்கு எழுதினேனே. அவவுக்குப் பக்கத்தில் என்னையும் இருத்திவிட்டீர்கள். என்னிடம் பிடிக்கிறதற்கு நல்ல படம்கூட இல்லை.

அம்மா சந்தோசமாகச் செத்தா. அதற்கு உங்களைக் கும்பிடுவதா, சபிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

கல்லுக்காரருக்குப் போன் பண்ணி நிற்பாட்டச் சொல்லிவிட்டேன். சூசைதாசனின் 'சூ' வெட்டி முடிந்துவிட்டதாம்.

அருள்மலர்


நைரோபி,
29 ஆகஸ்ட் 2025

மலருக்கு,

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. நான் யோசிக்கவில்லை. அவன் உயிரோடு இருக்கலாம் என்று யோசித்தால், நான் திரும்பிப் போக வேண்டியிருக்கும். செத்தவனுக்கு அழுவது எனக்குச் சுகமாக இருந்தது. இதை எழுத இருபத்தேழு வருடம் எடுத்திருக்கிறது.

மெலனியும் பிள்ளைகளும் 23ஆம் தேதி போய்விட்டார்கள். கல்லறைக்கென்று மெலனி பூ வாங்கிக் கொடுக்கும்படி லொட்ஜில் முன்பே சொல்லி வைத்திருந்தாள். நைரோபியில் ஓர் ஆள் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அதை ஹொட்டேல் மேசையில் வைத்துவிட்டு பெட்டி அடுக்கினாள். ஜூலி என் முகத்தைப் பார்க்கவில்லை. மாக்கஸ் மட்டும் வந்து, "அப்பா, ஸோ ஹி மைட் பி அலைவ்?" என்று கேட்டான். நீ கேட்ட அதே கேள்வி. பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

நான் ஆறு நாளாகத் தேடுகிறேன். சாமுவேலின் தம்பி டாக்சி ஓட்டுகிறார். அவர்தான் துணை. அந்த வீதியைக் கண்டுபிடித்தேன் என்று நினைக்கிறேன். வீடு இல்லை. எட்டு மாடிக் கட்டடம், கீழே போன் திருத்துகிற கடை. அக்கம்பக்கத்தில் அந்த நாளைய ஆட்கள் ஒருவரும் இல்லை. மூன்று கோவில்களின் அடக்கப் புத்தகத்தைப் பார்த்தேன், எங்கள் பெயர் மாதிரி ஒன்றும் இல்லை. இரண்டு ஆஸ்பத்திரியில் அவ்வளவு பழைய கடதாசி வைத்திருப்பதில்லை என்றார்கள்.

பிரேத அறை ஒன்றில் ஒரு நல்ல மனுசர் இருந்தார். 1998ஆம் ஆண்டுப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து வைத்தார். பெயர் தெரியாத ஆண், பெயர் தெரியாத ஆண் என்று பக்கம் பக்கமாக இருந்தது. "எந்த நாள்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே நாள் நானே உண்டாக்கின நாள். பதிவேட்டின் மேல் குனிந்துகொண்டேன். அவர் நான் அழுகிறேன் என்று நினைத்துக் கதிரை போட்டார்.

பாரிசில் இருக்கும் அருள்நாயகத்துக்குப் போன் எடுத்தேன். அவனும் அந்த ஏழு பேரில் ஒருவன். தாசனுக்கு என்ன நடந்தது, உனக்கு ஏதும் தெரியுமா என்று கேட்டேன். "என்னடா கேக்கிறாய்? நீதானே எனக்குச் சொன்னனி, உன்ர மடியில எண்டு" என்றான்.

நாளை பிளேன். செபமாலையை வைக்க இடமில்லை. தபாலில் அனுப்புகிறேன், உன் வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு முகமில்லை.

அகஸ்ரின்


மோர்னிங்சைட்,
26 ஒக்ரோபர் 2025

அகஸ்ரின் அவர்களுக்கு,

முதலில் அண்ணா என்று எழுதி வெட்டினேன். வெட்டினது தெரியும் என்றுதான் வேறு தாளில் எழுதினேன். இதிலும் சொல்லிவிட்டேன், போகட்டும்.

செபமாலை வந்தது. மெலனி அண்ணி இரண்டு தரம் வீட்டுக்கு வந்தார். நீங்கள் மெலிந்துபோனதாகச் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவவாகவே சொன்னா. பிள்ளைகள் எப்போதும் போல வரலாம். மாக்கஸ் தான் எடுத்த சிங்கக் காலடியைக் கொண்டுவந்து காட்டினான்.

இத்தோடு ஒரு படிவம் இருக்கிறது. காணாமற்போனவர்களைத் தேடுகிற ஆட்களுடையது. நான் ஒரு கிழமையாக நிரப்பினேன். பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம், உடம்பில் அடையாளம். இடது முழங்காலில் தழும்பு, சைக்கிளால் விழுந்தது, அது எனக்கு நினைவிருந்தது. பிறகு இன்றைய வயது என்று ஒரு கட்டம். ஐம்பத்திரண்டு என்று எழுத எனக்கு ஒரு பின்னேரம் முழுக்க எடுத்தது. என்னிடம் இருக்கிற படத்தில் அவனுக்கு இருபத்தைந்து. அவனுக்கு நரைத்திருக்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. இப்போது பஸ்ஸில் நரைத்த மனுசர் ஏறினால் முழங்காலைப் பார்க்கிறேன். எனக்குத் தெரியும் இது விசர்வேலை என்று. கிறிஸ்துநாயகமும் சொல்கிறார். ஆனாலும் கண் போகிறது.

நாலாம் பக்கத்தில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். 'கடைசியாகக் கண்டவர்' என்று மேலே போட்டிருக்கிறது. பெயர், முகவரி, எங்கே கண்டது, என்ன நிலையில் கண்டது, கடைசியாக என்ன கதைத்தது. அதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். மடி, சுவாமியார், மரம் ஒன்றும் வேண்டாம். தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் என்று சொன்னேன் என்று எழுதுங்கள். கெதியா வா என்று அவன் சொன்னதையும் எழுதுங்கள். கீழே கையெழுத்து. உறவுமுறை என்று ஒரு கேள்வியும் அதில் இருக்கிறது. அதற்கு என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

நேரில் கொண்டுவர வேண்டாம். முத்திரை ஒட்டிய கடித உறை வைத்திருக்கிறேன், தபாலில் போடுங்கள். ஒருநாள் நீங்கள் வரலாம் என்று நான் சொல்லக்கூடும். இப்போது சொல்ல வரவில்லை.

அடுத்த ஞாயிறு இறந்தவர்களின் திருநாள். இன்று பூசை முடிய, அந்த நாளில் வாசிக்கிற இறந்தவர் பட்டியலுக்குப் பெயர் கொடுக்கப் போனேன். இருபத்து மூன்று வருடமாக அங்கே தாசனின் பெயரைக் கொடுக்கிறேன், அம்மா போன பிறகு இரண்டு பெயர். மேசையில் இருக்கும் அன்ரி என்னைக் கண்டதும் கேட்காமலே இரண்டையும் எழுதத் தொடங்கிவிட்டா.

"அன்ரி, இந்த முறை அம்மான்ரை பெயர் மட்டும்" என்றேன்.

"ஏன் பிள்ளை? தாசன்?"

"அவன் செத்ததை ஒருத்தரும் காணேல்ல அன்ரி."

அவ என்னைப் பார்த்துக்கொண்டே தாசனின் பெயருக்கு மேல் கோடு போட்டா. பழக்கத்தில் நான் இரண்டு மெழுகுதிரி வாங்கியிருந்தேன். ஒன்றை அவவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அருள்மலர்